கையில் ஒட்டாத ரொட்டி

பழுப்பாக இருப்பதெல்லாம் கோதுமை ரொட்டி ஆகிவிடாது. இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே என் மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். ஆனால் போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டயட்டீஷியன் பெண் திவ்யா ஒரு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தபோதும் இதைத்தான் முதலில் சொன்னேன்.

"ஆண்ட்டி, சுகர் பேஷண்ட்டுங்களுக்கு இப்ப இந்த பிரெட்டத்தான் வாங்கிக்கச் சொல்றோம். பஸ் ஸ்டாண்டுலயே கிடைக்குது. நீங்க அந்தக் காலத்துல வீடு வீடா போயி ரொட்டி சுட கத்துக் குடுத்தீங்களாமே?" என்றாள்.

'அந்தக் காலம்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பினேன். முதல் பெயரே மைதா. கடைசியில் நிறத்துக்கு ஏதோ சேர்த்திருப்பதாகப் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து அமுக்கிக் காட்டினேன். கோலி உருண்டை அளவுக்கு வந்து நின்றது. "இது மைதாவுக்குச் சாயம் போட்டது கண்ணு. பட்டு நெய்யற ஊரு, சாயம் போடறதுக்கு இங்க ஆளா இல்ல?" என்றேன். திவ்யா சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்ப நீங்க எப்படி செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க ஆண்ட்டி. எங்களுக்கும் தெரியணும்ல" என்றாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஆரணியில் சபை நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை பார்த்தவள். சேர்ந்த புதிதில் பாத்திரம் தேய்த்தேன். பிறகு காய் நறுக்கினேன், பிறகு கஞ்சி காய்ச்சினேன். நடுவில் வேலூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். உப்பில்லாச் சமையல், சர்க்கரை நோயாளிக்கான சமையல், அவன் என்கிற சூட்டடுப்பில் ரொட்டி சுடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்து ஒரு சான்றிதழும் தந்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அங்கே கற்றதில் பாதி ஆரணியில் செல்லவில்லை. மீதி மேட்ரன் அம்மாவிடம் செல்லவில்லை.

மேட்ரன் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நர்சுகளோடு சமையலறையையும் மேற்பார்த்தவர், வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அதட்டியிருந்தால் பிழைத்திருப்போம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது, அதுதான் எங்களை வாட்டியது.

பயிற்சி முடிந்து வந்த வாரமே கோதுமை ரவையில் உப்புமா செய்து சுகர் வார்டுக்கு அனுப்பினேன். காய்கறி எல்லாம் அளவாகப் போட்டு, எண்ணெய் குறைத்து, வேலூரில் சொன்னது சொன்னபடி செய்திருந்தேன். மேட்ரன் அம்மாவிடம் போய், "நல்லா வந்துச்சும்மா" என்றேன்.

"யாரு சாப்பிட்டாங்க?" என்றார்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் தட்டு கழுவும் இடத்துக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். அங்கே அடுக்கியிருந்த தட்டுகளில் என் உப்புமா அப்படி அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும் யாரோ முந்திரியைத் தேடிக் கிளறியிருந்தார்கள். மேட்ரன் அம்மா தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளம்பிவிட்டார். சமையல்காரி பார்க்க வேண்டியது எச்சில் தட்டைத்தான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கோபமும் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அவர்மீது கோபப்பட்டு ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் வந்த நெசவாளர்களில் பாதிப் பேருக்குச் சுகர் என்று தோன்றும். அரிசியைக் குறையுங்கள், கோதுமை சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் வந்தால் சுகர் ஏறியிருக்கும். கேட்டால், "சோறு கம்மியாத்தான் சாப்புட்றேன் சிஸ்டர்" என்பார்கள். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் எல்லாப் பெண்களும் அவர்களுக்கு சிஸ்டர்தான், சமையல்காரி உட்பட. பொய்யும் சொல்லவில்லை. சோறு குறைந்திருந்தது. அந்த இடத்தில் டீயும் பன்னும் ஏறியிருந்தன. தறியில் உட்கார்ந்தபடியே காலையில் ஒரு டீ பன், மத்தியானம் ஒரு டீ பொறை, சாயங்காலம் மறுபடி பன். எல்லாம் மைதா, மேலே சர்க்கரை வேறு.

ஒருநாள் மேட்ரன் அம்மா சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"பன்னு சாப்பிடாதேன்னு சொல்லிகினே இருக்கோம். அதுக்குப் பதிலா என்ன தர்றோம் எஸ்தர்?"

"கோதுமை ரொட்டி சுட்டுத் தரலாம்மா. நம்மகிட்டதான் அவன் கீதே."

"நம்ம அவன்ல சுடற ரொட்டி நம்ம கேட்டு வரைக்கும்தான் போகும். அவங்க வீட்டு அடுப்புல சுட முடியுமா பாரு."

இப்படித்தான் என் பிழைப்பு மாறியது. அவன் இல்லாத வீட்டில் ரொட்டி சுடுவதற்கு வழி தேடினேன். கேக் சுடுவதற்கு எங்கள் சபைப் பெண்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ஒரு வழி இருந்தது. பெரிய அலுமினியக் குண்டானில் ஆற்று மணலை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, தட்டுப் போட்டு மூடி அடுப்பில் காய வைக்க வேண்டும். மணலில் ஒரு காகிதத் துண்டைப் போட்டால் அது மெல்லச் சிவக்க வேண்டும். கருகினால் சூடு அதிகம், வெள்ளையாகவே கிடந்தால் போதாது. பதம் வந்ததும் மாவு வைத்த டப்பாவை உள்ளே இறக்கி, மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டால் திரி ஸ்டவ்விலேயே ரொட்டி வெந்துவிடும். வெந்ததை வெளியே எடுத்து அடியில் தட்டிப் பார்த்தால் காலிக் குடம்போல ஓசை வர வேண்டும். குக்கர் வைத்திருப்பவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு அதிலேயே மணல் போடலாம்.

கோதுமைக்கு ரேஷன் இருந்தது. கழுவி, துணியில் உலர்த்தி, மிஷினில் அரைக்க வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு கோதுமையைப் போட்டுவிட்டால் அந்த ரொட்டியை யாரும் சாப்பிட முடியாது. அதனால் மிஷின்காரரிடம் சொல்லி வைத்தேன். மாவு சூடாக வரும், காகிதத்தில் பரப்பி ஆற விட வேண்டும். ஈஸ்ட்டுக்கு பஸ் ஸ்டாண்டு அருகே பேக்கரி வைத்திருந்த பாயிடம் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "எங்க பன்னு யாவாரத்த கெடுக்க எங்ககிட்டயே ஈஸ்ட் கேக்கறீங்களா?" என்று சிரித்துவிட்டு, ஒரு கட்டியை வாழை இலையில் மடித்துக் கொடுத்தார். அவர் கடைசி வரை கேட்டபோதெல்லாம் கொடுத்தார். அந்த மனுஷனை நினைக்காமல் நான் இன்றும் ரொட்டி சாப்பிடுவதில்லை.

வீடு வீடாகப் போய்ச் செய்து காட்ட ஆரம்பித்தேன். முதல் சண்டை சல்லடையோடு. நான் மாவை அளந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்காரப் பெண் சல்லடையோடு வந்து நிற்பாள். மாவு என்றால் சலிக்க வேண்டும், தவிடு என்றால் மாட்டுக்குப் போக வேண்டும். "தவுட்ட மாட்டுக்குப் போட்டா மாடு நல்லாருக்கும். உன் வூட்டுக்காரரு இருக்க வாணாவா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள், நான் திரும்பியதும் சலிப்பார்கள். அடுத்த சண்டை ஈஸ்ட்டோடு. அது பொங்குவதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவேன். "சுகர் காரருக்கு சர்க்கரையா!" என்று தெருவே கூடிவிடும். ஈஸ்ட்டுதான் அதைத் தின்றுவிடுகிறது என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். ஒரு வீட்டில் பெரியவர் என் ரொட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "செவுத்துல தட்டிக் காய வெக்கலியா?" என்று கேட்டார். எருமுட்டை என்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏகாம்பரத்தை நான் பார்த்தது அந்தச் சமயத்தில்தான்.

வலது காலில் புண்ணோடு வந்திருந்தார். பட்டு நெசவாளர். தறிக்குக் கீழே குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டிய வேலை. சுகரால் பாதம் மரத்துப்போயிருந்தது. மிதி உராய்ந்து சுண்டு விரல் பக்கம் தோல் கிழிந்ததே அவருக்குத் தெரியவில்லை. குழியில் ரத்தத்தைப் பார்த்து மனைவி தனலட்சுமிதான் இழுத்து வந்திருந்தார். டாக்டர் ஊசியும் மாத்திரையும் எழுதினார். சுகர் இறங்காவிட்டால் புண் ஆறாது, ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார்.

"கால் இல்லன்னா தறி இல்லீங்க டாக்டர்," என்றார் ஏகாம்பரம்.

மேட்ரன் அம்மா என்னை அவருடன் பேச அனுப்பினார். டிரெஸ்ஸிங் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், சோத்த வுட்டுட்டேன். மாம்பழத்த வுட்டுட்டேன். இந்தப் பன்ன மட்டும் வுட சொல்லாதீங்க. தறியில குந்திகினு வேற இன்னாத்த சாப்புட்றது?"

"சப்பாத்தி சாப்பிடலாமே?"

"கை பூரா எண்ணெ. அதுக்கொரு கொழம்பு, கொழம்புல மஞ்சளு. தறியில இழுத்துக் கட்டிகீற பாவு நூல்ல ஒரு சொட்டு பட்டா அந்தப் பொடவ அவ்ளோதான். எழுந்து போயி சோப்பு போட்டு கழுவிகினு வரலாம்னா குழியில ஏறி எறங்கணும். இந்தக் காலோட எத்தினி வாட்டி ஏறுவேன்? பன்னுன்னா ரெண்டு விரல்ல புடிச்சி சாப்ட்டுட்டு துண்டுல தொடச்சிகினு நூல ஓட்ற நாடாவ எடுத்துடலாம்."

எத்தனையோ பேரிடம் பன்னை நிறுத்து நிறுத்து என்று சொல்லியிருக்கிறேன். ஏன் பன் என்று கேட்டுக்கொண்டதே இல்லை. அது வெறும் ருசி என்று நினைத்திருந்தேன். தறியில் இருப்பவருக்குக் கையில் ஒட்டாத சாப்பாடு வேண்டும், ஊரில் கிடைக்கும் அப்படிப்பட்ட சாப்பாடு பன்தான். "அப்ப ஒங்களுக்கு நான் சொல்ற ரொட்டிதான் சரி. அதுவும் கையில ஒட்டாது," என்றேன். ரொம்பத் தைரியமாகத்தான் சொன்னேன்.

அவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்து காட்டினேன். நன்றாக வந்தது. தனலட்சுமி பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். நாற்பதை ஒட்டிய வயது, அதிகம் பேசாதவர், சொன்னால் கவனமாகக் கேட்பவர். இந்த வீட்டில் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் தானே சுட்ட ரொட்டியைத் துணியில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். கத்தி இறங்கவில்லை. அழுத்தி வெட்டினால் மாவாக உதிர்ந்தது. "ஒரு துண்டு குடுத்தேங்கா. பாவு மேல தூள் கொட்டிச்சின்னு ஒரே சத்தம். மறுபடி பன்னு வாங்கிட்டாரு," என்றார்.

மறுபடி போனேன், மறுபடி செய்து காட்டினேன். என் கையில் வருகிறது, அவர் கையில் வரவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டதோ என்று மாற்றினேன். மணல் சூட்டைப் பார்த்தேன். கோதுமையைக்கூட மாற்றினேன். அந்தப் பக்கம் புண் ஆழமாகிக்கொண்டே போனது. டிரெஸ்ஸிங் செய்யும் சிஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவாள்.

மேட்ரன் அம்மா தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார்.

"ஏகாம்பரம் வீட்டு ரொட்டி?"

"மூணு வாட்டி செஞ்சு காட்டிட்டேம்மா."

"யாரு சாப்பிட்டாங்க?"

"யாரும் சாப்பிடல," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் குடையைத் தரையில் ஊன்றினார். "நீ செஞ்சு காட்டறத நிறுத்து எஸ்தர். அந்தப் பொண்ணு செய்யட்டும். நீ சும்மா உக்காந்து பாத்துட்டு வா. கைய நீட்டாத."

கையை நீட்டாமல் உட்கார்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். போனேன். தனலட்சுமி வீட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மாவை அளந்தார், சரி. ஈஸ்ட் கலந்த தண்ணீரை ஊற்றினார், சரி. பிசைய ஆரம்பித்தார். கையில் ஒட்டியதும் ஒரு பிடி மாவைத் தூவினார். கொஞ்சம் பிசைந்து இன்னொரு பிடி தூவினார். பிறகு இன்னொன்று. நான் எண்ணெய் தொட்டுக்கொள்ளச் சொல்லி எடுத்து வைத்திருந்த கிண்ணம் அப்படியே இருந்தது. கடைசியில் வறண்ட மாவில் உள்ளங்கையைத் தேய்த்து, விரலிடுக்கில் ஒரு துகள் இல்லாமல் சுத்தம் செய்துகொண்டு, எழுந்து போய் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நாடாவுக்குள் போகும் குச்சியில் பட்டு நூலைச் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்பார்கள். நூல் அவர் விரல்களுக்கு நடுவில் ஓடியது.

"ஏம்மா தனம், எண்ணெ தொட்டுக்க சொன்னேனே?"

"எண்ணெக் கையோட எப்டிக்கா பட்டத் தொட்றது? கறை புடிச்சிகிட்டா போவவே போவாது. செத்துப்போன எங்க மாமியா எழுந்து வந்துடும்," என்று சிரித்தார். "மாவு ஒட்டனாலும் தொட முடியாது. நூலு அங்கங்க மாட்டிக்கும். நெசவு வூட்ல நாங்க தலைக்கு எண்ணெ வெச்சாகூட துணியாலதான் வெச்சிக்குவோம்."

விரல்களை நீட்டிக் காட்டினார். நுனியெல்லாம் வழவழவென்று இருந்தன. என் கையை அருகில் வைத்துப் பார்த்தேன். கத்தி கிழித்த தழும்பு, அடுப்புச் சூடு, வெடிப்பு. "ஒங்க கையில பட்ட குடுக்கவே கூடாதுக்கா," என்றார்.

ஏகாம்பரம் தன் கையைப் பற்றிச் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. அந்த வீட்டில் பட்டைத் தொடும் இன்னொரு ஜோடிக் கை இருக்கிறது, அதுதான் மாவையும் பிசைய வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. முழுக் கோதுமை தண்ணீரை இழுக்கும். தவிடோடு இருக்கும் மாவுக்கு மைதாவைவிட அதிகத் தண்ணீர் வேண்டும். மாவு ஒட்டினால்தான் ரொட்டி மெத்தென்று வரும். இவர் ஒட்டக்கூடாது என்று பிடி பிடியாக வறண்ட மாவைப் போட்டால் கல்தான் வரும். தப்பு அவர் கையில் இல்லை, ஒட்டும் மாவைக் கையால் பிசையச் சொன்ன என் முறையில்தான் இருந்தது. நெசவு வீட்டுக்குக் கை படாத ரொட்டி வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வந்து நான்கைந்து நாள் அதே வேலையாக இருந்தேன். மாவில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, போண்டா மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியாலேயே கலக்கிப் பார்த்தேன். பிசையாமல் எப்படி வரும் என்று எனக்கே சந்தேகம். மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால், மாவு தானாகவே ஜவ்வாக இழுத்தது. மறுபடி கரண்டியால் நாலு சுற்று, மறுபடி மூடி. அப்படியே மத்தியானம் வரை விட்டால் கையால் பிசைந்த மாவு தோற்றது. முதல் ரொட்டி நடுவில் குழி விழுந்தது, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தேன். வெயிலில் சீக்கிரம் புளித்தது, ஈஸ்ட்டைக் குறைத்து, தண்ணீர்ப் பானை வைக்கும் ஈர மணலில் பாத்திரத்தை வைத்தேன். தவிடு ஊற ஊற ரொட்டி உதிர்வதும் நின்றது.

தனலட்சுமியிடம் போய்ச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டப்பாவுக்கு எண்ணெ தடவணுமே, அது?"

அவரே கொல்லைக்குப் போய் ஒரு வாழை இலையை அறுத்து வந்தார். அடுப்பில் காட்டி வாட்டி, டப்பாவுக்குள் பாந்தமாக மடித்து வைத்தார். அதன் மேல் கரண்டியால் மாவை வழித்து ஊற்றினார். முழு ரொட்டியும் செய்து முடிக்கும் வரை அவர் விரல் மாவிலும் படவில்லை, எண்ணெயிலும் படவில்லை. வெந்த பிறகு இலையைப் பிடித்து இழுத்தார், ரொட்டி அப்படியே வந்தது. வாசனை வேறு. வேலூரில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆறிய பிறகு மெல்லிசாக வெட்டி, டீயோடு தறிக்குக் கொண்டு போனோம். ஏகாம்பரம் என்னை நம்பிக்கையில்லாமல் பார்த்தார். ஒரு துண்டை இரண்டு விரலில் எடுத்து டீயில் நனைத்துச் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் கிடந்த வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, ரொட்டி தொட்ட இரண்டு விரலையும் அதில் அழுத்தித் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பாவின் மேல் குனிந்து ஊதிப் பார்த்தார். தூள் இல்லை.

"தனம், இன்னொரு துண்டு கீதா?" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் போதும். அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ரொட்டி ஏகாம்பரத்தின் காலைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். ஊசி இருந்தது, மாத்திரை இருந்தது, ஒரு நாள் தவறாத டிரெஸ்ஸிங் இருந்தது. மிதிக்குப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கொடுத்தது தனலட்சுமி. ஆனால் பன் நின்ற பிறகுதான் சுகர் இறங்க ஆரம்பித்தது என்று டாக்டரே சொன்னார். சுண்டு விரலை மட்டும் எடுக்க வேண்டி வந்தது. பாதம் தப்பியது. மழைக்காலம் முடிந்து அவர் மறுபடி முழு நாளும் தறியில் உட்கார்ந்தபோது மேட்ரன் அம்மா குடையோடு அவர்கள் தெருவுக்கு வந்து, ஒரு துண்டு ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் வீடு வீடாக அலைய வேண்டியிருக்கவில்லை. தார் சுற்றிக்கொண்டே தனலட்சுமி பக்கத்து வீட்டுக்குச் சொன்னார், அவர்கள் அடுத்த வீட்டுக்கு. கை படாத ரொட்டி என்றதும் நெசவுத் தெருப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். காலையில் கலக்கி வைத்துவிட்டு ராட்டைக்குப் போகலாம், நடுவில் வந்து கரண்டி போட்டால் போதும். ஒருத்தி வெந்தயப் பொடி சேர்த்தாள், நன்றாக இருந்தது. ஒருத்தி பாதிக்குப் பாதி கேழ்வரகு சேர்த்துக் களிக்கட்டியாக்கினாள். நான் திட்டப் போன இடத்தில் எனக்குத் திருத்தம் சொன்னவர்கள் உண்டு. எருமுட்டைப் பெரியவர் மட்டும் கடைசி வரை சாப்பிடவில்லை. எல்லோரையும் ஜெயிக்க முடியுமா என்ன?

திவ்யா, உனக்கு வேண்டியது இவ்வளவுதான். மாவைச் சலிக்காதே. தண்ணீருக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே. ஊற நேரம் கொடு. யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறாயோ அவர்கள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வேளை உட்கார். மற்றதை அவர்களே உனக்குக் காட்டிவிடுவார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேடிக்கை நடந்தது. தலை சுற்றுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிசோதித்துவிட்டு எனக்கும் சுகர் என்று சொல்லிவிட்டார்கள். திவ்யா எனக்கே உணவு முறை சொன்னாள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து குண்டானைத் தேடினால் மருமகள் எப்போதோ பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டிருந்தாள். தோள் வலியில் எனக்கும் மணல் சுமக்கத் தெம்பில்லை.

சனிக்கிழமை எங்கள் மாடிப்படியில் யாரோ நிதானமாக ஏறி வரும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஏகாம்பரம். தலை நன்றாக நரைத்திருந்தது. கையில் ஒயர் கூடை, அதில் வாழை இலையில் பொதிந்த ஒரு ரொட்டி. மாத்திரை வாங்கப் போன இடத்தில் திவ்யா சொல்லியிருக்கிறாள்.

"சிஸ்டருக்கும் சுகராமே?"

"கிண்டல் பண்ண வந்தீங்களா?"

"தனம் குடுத்தனுப்பிச்சா. வாரா வாரம் கொண்டாந்து குடுக்க சொல்லிகீறா," என்றார். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "அந்தப் பன்ன மட்டும் வுட்ருங்க சிஸ்டர்," என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு விரல். நகமெல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தது. எந்தப் புண்ணும் இல்லை.

மேட்ரன் அம்மா இப்போது வந்தவாசியில் தம்பி வீட்டில் இருக்கிறார். காது மந்தம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் நான் போன் செய்வேன், கத்திப் பேச வேண்டும். அந்த ஞாயிறு எடுத்த எடுப்பில், தனலட்சுமி வீட்டிலிருந்து ரொட்டி வந்தது, இன்னும் அதே இலை, அதே வாசனை என்று சொன்னேன். காதில் விழுந்ததோ என்னவோ என்று மறுபடி கத்தப் போனேன்.

"யாரு சாப்பிட்டாங்க?" என்றார்.

"நான்தாம்மா சாப்பிட்டேன்," என்று கத்தினேன். "ஏகாம்பரம் நடந்து வந்து குடுத்துட்டுப் போனாரும்மா."